வயேஹோ குடும்பத்தின் கடிதங்களும் வம்சாவளித் தாள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியா அமெரிக்காவின் மாநிலமாவதற்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் கலிஃபோர்னியோக்கள் எனப்படுகின்றன. அவற்றுள் முதன்மையான ஒன்றின் ஆவணங்கள் எவ்வாறு தப்பின, எவை அழிந்தன, இத்தகைய தாள்களை இன்று வைத்திருப்போர் என்ன செய்ய வேண்டும் என்பவை பற்றி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

வயேஹோ குடும்பத்தினர் யார்?

மரியானோ குவாதலூப்பே வயேஹோ 1807-ஆம் ஆண்டு, கலிஃபோர்னியா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, மான்டெரே நகரில் ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்தார். மெக்சிகோவின் ஆட்சிக் காலத்தில் வட கலிஃபோர்னியாவின் படைத்தலைவராக உயர்ந்தார். 1846 ஜூன் மாதம் மெக்சிகோ ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்து கரடிக் கொடி ஏந்திய அமெரிக்கக் குடியேறிகளால் சிறைபிடிக்கப்பட்டு சட்டர் கோட்டையில் அடைக்கப்பட்டார். அப்படியிருந்தும் 1849-இல் மாநிலத்தின் அரசியலமைப்பை வரைந்த அவையில் ஓர் உறுப்பினராக அமர்ந்தார். பின்னர் மாநில மேலவையிலும் இடம்பெற்று, 1890-இல் மறைந்தார். மூன்று அரசுகளின் கீழ் வாழ்ந்தவர் என்பதால் அவர் தாள்களிலும் மூன்று அரசுகளின் கை படிந்திருக்கிறது.

1832-இல் அவர் மணந்த பிரான்சிஸ்கா பெனீசியா கரீயோ பதினாறு பிள்ளைகளைப் பெற்றவர். வயேஹோ, பெனீசியா என்னும் இரண்டு கலிஃபோர்னிய நகரங்கள் இன்றும் கணவன் மனைவி இருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றன. வயேஹோவின் சகோதரியின் மகன் ஹுவான் பாவுதிஸ்தா அல்வராதோ மெக்சிகோ ஆட்சிக் காலத்தில் கலிஃபோர்னியாவின் ஆளுநராக இருந்தார். இப்படிப்பட்ட குடும்பத்தில் உறவினருக்கு எழுதிய கடிதமே அரசுக் கடிதமாகவும், அரசுக் கடிதமே உறவினர் நலம் விசாரிப்பதாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே ‘அரசு’, ‘சொந்தம்’ என்று இரண்டு பெட்டிகளில் அவற்றைப் பிரிப்பது இயலாத செயல், தேவையற்றதும்கூட.

ஒரு குடும்பத்தின் பழைய கடிதங்களுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்?

கலிஃபோர்னியோக்களுக்குத் தாள் என்பது வெறும் நினைவுப் பொருளாக இருந்ததில்லை. அமெரிக்க-மெக்சிகோப் போரை முடித்து கலிஃபோர்னியாவை அமெரிக்காவுக்குத் தந்த 1848-ஆம் ஆண்டின் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை மெக்சிகோ மக்களின் சொத்துரிமையை மதிப்பதாக உறுதி கூறியது. ஆனால் 1851-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய நிலச் சட்டம், ஸ்பானிய, மெக்சிகோ அரசுகளிடமிருந்து நிலம் பெற்ற ஒவ்வொருவரும் தம் உரிமையை ஓர் ஆணையத்தின் முன் நிறுவ வேண்டும் என்றது. அதன்பின் மானியப் பத்திரம், ஆளுநரின் கையொப்பம், எல்லைகளைக் கையால் வரைந்த நிலப்படம், அண்டை வீட்டாரின் கடிதம் எல்லாமே வழக்குச் சான்றுகளாயின. வயேஹோவின் பெட்டலூமா மானியம் ஏற்கப்பட்டது. சோஸ்கோல் மானியத்தை 1862-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நிலம் மட்டுமின்றிக் குடியுரிமையும் வழக்குமன்றம் வரை சென்றது. சாந்தா பார்பராவைச் சேர்ந்த பாப்லோ தெ லா கெர்ரா நீதிபதி பதவி வகிக்கத் தகுந்த குடிமகனா என்ற கேள்வி மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1870-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. இவ்வழக்குகளால் ஒரு நடைமுறை விளைவும் உண்டு. பல குடும்பங்கள் மூலப் பத்திரங்களை வழக்கறிஞரிடமும் நீதிமன்றத்திடமும் ஒப்படைத்தன. அவை வீட்டுப் பெட்டிக்குத் திரும்பவில்லை. உங்கள் தொகுப்பில் 1850-களில் ஓர் இடைவெளி தென்பட்டால், அத்தாள்கள் அழிந்துவிட்டன என்று முடிவு கட்டுவதற்கு முன் நில வழக்குக் கோப்புகளைத் தேட வேண்டும். அவற்றில் பெரும் பகுதி பெர்க்லியிலுள்ள பேங்க்ராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது.

வயேஹோவின் தாள்களில் எவை அழிந்தன, எவை தப்பின?

வயேஹோ தம் நாட்டின் வரலாற்றைத் தாமே எழுத முனைந்தவர். அதற்காக ஆவணங்களைச் சேர்த்தார். ஏறத்தாழ 900 பக்கங்கள் எழுதியும் முடித்தார். 1867-இல் சொனோமா நகரச் சதுக்கத்திலிருந்த அவருடைய பழைய பெரிய வீடு தீப்பற்றி எரிந்தபோது அந்தக் கையெழுத்துப் படி முழுவதும் சாம்பலானது. அதற்கு இன்னொரு படி இல்லை.

1874-இல் நூல் வணிகரும் வரலாற்றுத் தொகுப்பாளருமான ஹியூபர்ட் ஹவ் பேங்க்ராஃப்டின் ஆளாக என்ரிக்கே செருத்தி என்பவர் சொனோமாவுக்கு வந்தார். வயேஹோ தொடக்கத்தில் தயங்கினார். பின்னர் மனம் இசைந்து, தம்மிடம் எஞ்சியவற்றைத் தந்ததோடு நில்லாமல், மற்றக் குடும்பங்களின் பெட்டிகளைத் திறக்கச் செய்வதிலும் முன்னின்றார். அவ்வாறு சேர்ந்தவை 36 தொகுதிகளாகக் கட்டப்பட்டன. எரிந்துபோன வரலாற்றையும் மீண்டும் முதலிலிருந்து சொல்லி ஐந்து தொகுதிகளாக நிறைவு செய்தார். அறுபது வயதைக் கடந்த ஒருவர் தம் வாழ்நாள் உழைப்பு தீயில் போனபின் அதே வேலைக்கு மறுபடி உட்கார்ந்தார் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பேங்க்ராஃப்டின் நூலகத்தைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1905-இல் வாங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தபோது, நகரின் வலென்சியா தெருவிலிருந்த நூலகக் கட்டடம் தப்பியது. நிலஅளவைத் தலைமை அலுவலகத்தில் இருந்த ஸ்பானிய, மெக்சிகோ ஆட்சிக்கால அரசு ஆவணங்களின் பெரும்பகுதி தப்பவில்லை. தாமஸ் சாவேஜின் மேற்பார்வையில் பேங்க்ராஃப்டின் எழுத்தர்கள் அவற்றைப் பார்த்து எடுத்த படிகளும் சுருக்கங்களும் 63 தொகுதிகளாக எஞ்சியிருப்பதால்தான், அந்த மூலங்களில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. இவ்விரண்டு தீவிபத்துகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, படி எடுத்து வேறோர் ஊரில் வைக்கும் வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட மனம் வராது.

தாள்களை ஆண்டு வாரியாக அடுக்கி ஒழுங்குபடுத்தலாமா?

இதில் அவசரம் கூடாது. பெரும்பாலான குடும்பத் தொகுப்புகள் பூச்சியாலும் ஈரத்தாலும் கெடுவதைவிட, நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இந்த அடுக்கலால்தான் அதிகம் கெடுகின்றன என்பது என் கருத்து.

ஒரு நாடாவால் சேர்த்துக் கட்டிய பதினைந்து கடிதங்களைக் கற்பனை செய்து பாருங்கள். அவற்றில் பன்னிரண்டு ஒரு கடன் பற்றியவை. இரண்டு ஒரு திருமணம் பற்றியவை. ஒன்று வெறும் மளிகைக் கணக்கு. தேதி வாரியாகப் பிரித்தால் பதினைந்தும் பதினைந்து இடங்களுக்குப் போய்விடும். சேர்ந்திருக்கும்போது மட்டுமே, அந்தத் திருமணம் அந்தக் கடனுக்கு ஈடாகப் பேசப்பட்டதோ என்ற கேள்வி எழும். கட்டியவர் யார், எதற்காகக் கட்டினார் என்பதும் அந்தத் தாள்கள் சொல்லும் செய்திகளுள் ஒன்று. ஆவணக் காப்பாளர்கள் மூல ஒழுங்கு என்று இதைப் போற்றுகிறார்கள். அதோடு இணைந்தது மூல உடைமை: பாட்டி வழி வந்த பெட்டியையும் சிற்றப்பா வழி வந்த பெட்டியையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கக் கூடாது.

எனவே முதலில் பெட்டியைத் திறந்தபடியே ஒளிப்படம் எடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் எண் தாருங்கள். தாளின் பின்புற மூலையில் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பேனாவோ ஒட்டுச் சீட்டோ வேண்டாம். தேதி வரிசை தேவைப்பட்டால் அதைக் கணினிப் பட்டியலில் உருவாக்கிக்கொள்ளுங்கள். பட்டியலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம். தாள்களை ஒருமுறை கலைத்துவிட்டால் பழைய வரிசையை யாராலும் மீட்க முடியாது.

தளபதி வயேஹோவின் கடிதங்கள் முக்கியமானவை. மற்றவர்களுடையதையும் வைத்திருக்க வேண்டுமா?

கட்டாயம் வைத்திருக்க வேண்டும். புகழ்பெற்றவர் எழுதியவற்றுக்குப் படிகள் வேறு இடங்களில் கிடைக்கக்கூடும்: கடிதத்தைப் பெற்றவர் வீட்டில், அரசுக் கோப்பில், நாளிதழில். அவருடைய மனைவி அண்டை வீட்டுப் பெண்ணுக்கு எழுதிய சீட்டுக்கு வேறு படி எங்கும் இராது.

வயேஹோவின் சகோதரி ரோசலியா 1874-இல் செருத்தியிடம் சொன்ன வாக்குமூலம் சில பக்கங்களே நீளும். கரடிக் கொடியினர் சொனோமாவில் நடந்துகொண்ட விதத்தை ஒரு பெண் நேரில் கண்டு சொன்ன சான்று அது. அதில் தெறிக்கும் சினம் அவருடைய சகோதரரின் ஐந்து தொகுதிகளில் அதே வடிவில் இல்லை. அதே ஆண்டில், வயேஹோவின் லாக்ரிமா மான்டிஸ் இல்லத்தில், பழங்குடித் தலைவர் சொலானோவின் மனைவி இசிடோராவையும் செருத்தி கண்டு பேசினார். 1877-இல் சான் கபிரியேல் மிஷனின் (ஸ்பானியக் கத்தோலிக்கக் குருமார் நிறுவிய சமயக் குடியிருப்பின்) பண்டகசாலைச் சாவியை வைத்திருந்த எவுலாலியா பெரெஸ், 1878-இல் தெ லா கெர்ரா குடும்பத்தின் அங்குஸ்தியாஸ் ஆகியோரின் சொற்களைச் சாவேஜ் எழுதிவைத்தார். இவையெல்லாம் பேட்டி எடுத்த ஆண்களின் கை வழியே வந்தவை என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் இவையும் இல்லாவிட்டால் அந்தச் சமூகத்தின் பெண்களையும் பழங்குடியினரையும் பற்றி நாம் படைத்தலைவர்களின் வாய்மொழியை மட்டுமே நம்பியிருக்க வேண்டும்.

பண்ணைக் கணக்கேட்டில் ‘இந்தியர் இருவருக்குப் போர்வை’ என்றொரு வரி இருந்தால், அந்த ஏட்டைச் சலிப்பூட்டும் கணக்கு என்று ஒதுக்காதீர்கள். பெரும் பண்ணைகள் பழங்குடியினரின் உழைப்பால் நடந்தவை; அவ்வுழைப்பாளர்களின் சந்ததியினர் தம் முன்னோரைத் தேடும்போது அந்த வரியே அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே தடயமாக இருக்கலாம்.

பழைய தாளும் மசியும் எதனால் கெடுகின்றன?

1850-க்கு முந்தைய கடிதங்கள் பெரும்பாலும் லினன், பருத்திக் கந்தல்களிலிருந்து செய்த தாளில் எழுதப்பட்டவை, அவை வலுவானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் பரவியது. அதிலுள்ள அமிலத்தால் தாள் பழுப்பேறி நொறுங்குகிறது. ஆகவே பாட்டனார் கடிதத்தைவிடப் பேரனின் கடிதம் மோசமான நிலையில் இருப்பதைக் கண்டு வியக்க வேண்டாம். இரண்டையும் ஒரே உறையில் வைக்காமல் இருந்தால் போதும்.

மசியின் கதை வேறு. மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), பிசின் ஆகியவற்றைக் கலந்து செய்த மசியே அக்காலத்தில் பெருவழக்கு. எழுதும்போது வெளிறித் தோன்றிப் பின் கருத்துவிடும் இம்மசியில் அன்னபேதியின் அளவு மிகுந்திருந்தால், இரும்பும் அமிலமும் சேர்ந்து தாளை அரிக்கின்றன. எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுகிறது. ஈரம் இந்த அரிப்பைத் தூண்டும். எனவே மடிப்பை நீக்குவதற்காக இத்தகைய தாளை நனைப்பதோ நீராவி காட்டுவதோ கூடாது. விறைத்த மடிப்பைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுங்கள்.

வைக்கும் இடத்தின் வெப்பம் 18 முதல் 21 பாகை செல்சியசும், ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காடும் இருப்பது நல்லது. அந்த எண்களைவிட அவை ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். பரண் வேண்டாம், நிலவறை வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். அமிலமற்ற உறையும் பெட்டியும் வாங்குங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெல்ல நீக்குங்கள். நீக்கும் முன் எந்தத் தாள் எதனுடன் குத்தப்பட்டிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இராமபாணப் பூச்சிக்காக மருந்து தெளிக்க வேண்டாம். பெட்டியைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருப்பதே போதிய காப்பு.

கிழிந்த கடிதத்தை ஒட்டலாமா? லேமினேஷன் செய்யலாமா?

இரண்டும் கூடாது. செலோடேப்பின் பசை சில ஆண்டுகளில் தாளுக்குள் ஊறி நீங்காத கறையாகும். லேமினேஷனைப் பெரும்பாலும் பின்னர் நீக்க முடியாது. கிழிந்த துண்டுகளை ஒரே பாலியெஸ்டர் உறையில் ஒன்றாக வையுங்கள்.

ஸ்கேன் செய்தபின் மூலத்தை வைத்திருக்க வேண்டுமா?

வைத்திருக்கத்தான் வேண்டும். ஒளியில் பிடித்தால் தெரியும் தாளின் நீரோட்டக் குறி, மெழுகு முத்திரையின் தடம், மடித்த விதம் ஆகியவற்றை ஸ்கேன் முழுமையாகக் காட்டாது. மெக்சிகோ ஆட்சியில் சட்டப் பத்திரங்கள் முத்திரைத் தாளில் எழுதப்பட வேண்டியிருந்தது. தொலைவிலிருந்த கலிஃபோர்னியாவில் அத்தாளுக்கு அடிக்கடி தட்டுப்பாடு ஏற்பட்டதால், மான்டெரே சுங்கச் சாவடி சாதாரணத் தாளையே தற்காலிகமாகச் செல்லுபடியாக்கிக் குறிப்பெழுதித் தந்தது. பத்திரம் உண்மையானதா என்று ஆராய்பவர் அந்தக் குறிப்பையும் தாளையும் கையில் எடுத்துப் பார்க்க விரும்புவார்.

ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 400 புள்ளிகளுக்குக் குறையாமல், வண்ணத்தில், சுருக்கப்படாத டிஃப் கோப்பாக எடுங்கள். வெற்றுப் பின்பக்கத்தையும் உறையையும் விடாதீர்கள். முகவரியும் பெற்றவர் எழுதிய தேதிக் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கோப்பின் பெயரில் நீங்கள் கட்டுக்குக் கொடுத்த எண் இருக்கட்டும். மூன்று படிகள், இருவகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றுள் ஒன்றாவது வேறு ஊரில் என்ற ஏற்பாடு நல்லது.

பழைய ஸ்பானியக் கையெழுத்தைப் படிப்பதில் எங்கே தவறு நேர்கிறது?

முதலில் மாதங்களில். செப்டம்பர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதப் பெயர்களின் முற்பகுதி இலத்தீனில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்ற எண்களைக் குறிப்பதால், எழுத்தர்கள் அப்பகுதிக்குப் பதிலாக எண்ணை எழுதி மாதத்தின் ஈற்றை மட்டும் சேர்த்தனர். எனவே 8 என்று தொடங்கும் மாதம் அக்டோபர். அதை ஆகஸ்டாகப் பட்டியலிட்டால் கடிதப் போக்குவரத்தின் வரிசையே குலைந்துவிடும். டிசம்பருக்குப் பத்தைக் குறிக்கும் ரோமன் எழுத்து வரும். அடுத்தது மரியாதைத் தொடர்களின் சுருக்கங்கள். கடித முடிவில் வரும் ஐந்தாறு தனியெழுத்துகள் ‘தங்கள் கையை முத்தமிடும்’ என்பது போன்ற வழக்கமான வணக்கமே தவிர, மறைபொருள் எதுவும் அல்ல. கையொப்பத்தின் கீழ்ச் சுழித்து வரையப்படும் கோடும் கையொப்பத்தின் பகுதிதான். ஆளை அடையாளம் காண அது உதவும்.

வம்சாவளித் தாள்களை எப்படிச் சரிபார்ப்பது?

பெயரிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்பானிய மரபில் பெண் திருமணத்துக்குப் பின்னும் தன் பிறந்த குடிப்பெயரை விடுவதில்லை. பிரான்சிஸ்கா இறுதிவரை கரீயோ தான், வயேஹோவின் மனைவி என்பது அதன் பின்னால் சேரும். பிள்ளைகள் தந்தை, தாய் இருவர் குடிப்பெயரையும் தாங்கலாம். ஆங்கிலேயரையும் அமெரிக்கரையும் மணந்த மகள்களின் கிளைகளில் இந்த மரபு முறிந்துவிடுவதால், வம்சவிருட்சங்களில் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் நிகழ்கிறது.

பின்னர் மிஷன் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் குருவானவர் வரிசை எண்ணிட்டுப் பதிவு எழுதினார். பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் அதில் உண்டு. ஞானத்தந்தையாக யாரை அழைத்தார்கள் என்பது இரத்த உறவு காட்டாத நட்பையும் பகை தீர்ந்ததையும் காட்டும் என்பதால், அப்பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவின் 21 மிஷன்களின் பதிவுகளையும் தொகுத்து ஹன்டிங்டன் நூலகம் 2006-இல் ஒரு தரவுத்தளத்தை வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஞானஸ்நானப் பதிவுகள் அதில் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பழங்குடியினருடையவை.

குடும்பத்தார் எழுதிவைத்த வம்சவிருட்சம் பதிவேட்டோடு முரண்பட்டால் அதைத் திருத்தி எழுதிவிட்டுப் பழையதைக் கிழிக்க வேண்டாம். யார், எப்போது, எதை நம்பி எழுதினார் என்ற குறிப்போடு இரண்டையும் வையுங்கள்.

‘கலப்பற்ற ஸ்பானிய வம்சம்’ என்று எங்கள் தாள்களில் உள்ளது. அதை அப்படியே ஏற்கலாமா?

ஏற்கக் கூடாது. ஸ்பானியப் பேரரசில் இரத்தத் தூய்மைக்குச் சான்றிதழ் பெறுவது பதவிக்கும் திருமணத்துக்கும் உதவிய ஒன்று. தேவைக்கேற்ப எழுதப்பட்ட தாளும் உண்டு. கலிஃபோர்னியாவின் கடைசி மெக்சிகோ ஆளுநரான பீயோ பீக்கோவின் தந்தைவழிப் பாட்டனார் 1790-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மெஸ்தீஸோ என்றும், பாட்டி முலாட்டோ என்றும் பதியப்பட்டுள்ளனர்: பாட்டனாரிடம் பழங்குடிக் கலப்பும், பாட்டியிடம் ஆப்பிரிக்கக் கலப்பும் இருந்தன. 1781-இல் லாஸ் ஏஞ்சலஸை நிறுவிய குடும்பங்களிலும் பெரும்பாலோர் பழங்குடி, ஆப்பிரிக்க வழிவந்தவர்களே. வசதியும் பதவியும் உயரும்போது அடுத்த கணக்கெடுப்பில் ஒருவரின் வகையும் உயர்ந்து எழுதப்பட்டது. இதை மறைக்கும் தாளையும் காட்டும் தாளையும் ஒருசேரப் பாதுகாப்பதே முன்னோருக்குச் செய்யும் நேர்மை.

வாரிசுகள் தாள்களைப் பங்கிட்டுக்கொள்ளலாமா?

சட்டம் தடுக்காது, ஆனால் தொகுப்பு சிதைந்துவிடும். பல பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் இரண்டு தலைமுறையில் ஒவ்வொருவரிடமும் தொடர்பறுந்த ஒரு கைப்பிடித் தாளே மிஞ்சும். மூலங்கள் ஒரே காப்பகத்தில் இருக்க, ஒவ்வொரு கிளைக்கும் முழுமையான மின்படி கிடைப்பதே சிறந்த வழி. தெ லா கெர்ரா குடும்பத் தாள்கள் சாந்தா பார்பரா மிஷனின் ஆவணக் காப்பகத்தில், அக்குடும்பம் வாழ்ந்த ஊரிலேயே இருப்பது நல்ல முன்மாதிரி.

கொடைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் மூன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: காப்பகம் வேண்டாம் என்று ஒதுக்கும் தாள்கள் உங்களிடமே திரும்புமா, எப்போது பொதுப் பார்வைக்கு வரும், பதிப்புரிமை யாருக்கு. அமெரிக்கச் சட்டப்படி கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. வெளியிடப்படாத எழுத்துக்கு அவ்வுரிமை எழுதியவர் இறந்தபின் 70 ஆண்டுகள் நீடிக்கும். 1890-இல் மறைந்த தளபதியின் கடிதங்களுக்குத் தடை இல்லை. 1960-இல் இறந்த ஒரு பேத்தியின் கடிதங்களுக்கு 2030 முடியும் வரை உண்டு.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்திகளை என்ன செய்வது?

பிறந்த தேதி, நோய், தத்து, மணமுறிவு போன்றவை வரும் தாள்களை அழிக்காமல் தனி உறையில் இட்டு, குறிப்பிட்ட ஆண்டு வரை மூடிவைக்கும்படி காப்பகத்தைக் கேட்கலாம். காப்பகங்கள் இதை வழக்கமாகவே ஏற்கின்றன.

வயேஹோ தாள்களை இன்று பார்க்க முடியுமா?

முடியும். 36 தொகுதிகளும் நினைவுக் குறிப்புகளும் பெர்க்லியில் பேங்க்ராஃப்ட் நூலகத்தில் உள்ளன. கலிஃபோர்னியக் காப்பகங்களின் பொது இணையப் பட்டியலில் முதலில் தேடி, தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. மூலத்துக்குப் பதிலாக நுண்படச் சுருளைத் தரவும் கூடும். தாள்கள் எழுதப்பட்ட சூழலைக் காண விரும்புவோர்க்கு, சொனோமாவில் லாக்ரிமா மான்டிஸ் இல்லமும் பெட்டலூமாவில் பண்ணையின் பச்சைமண் செங்கற் கட்டடமும் மாநில வரலாற்றுப் பூங்காக்களாகத் திறந்திருக்கின்றன.